கிராம்னிக்கின் எதிராளியைத் தேர்ந்தெடுத்தது யார்?



தலைமையுரை நீண்டால் கட்டுரைகளுக்கு நேரம் இருக்காது என்று அமைப்பாளர்கள் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1997இல் நியூயார்க்கில் சதுரங்க உலகச் சாம்பியன் காஸ்பரோவ் டீப் புளூ என்ற கணினியிடம் தோற்றபோது, எதிராளி யார் என்ற கேள்வியே எழவில்லை. இயந்திரமும் ஐபிஎம்முடையது, மேடையும் ஐபிஎம்முடையது. 2000இல் காஸ்பரோவை வென்ற விளாதிமிர் கிராம்னிக்குக்கு ஒரு கணினி எதிராளியைத் தேடியபோது நிலைமை வேறு. கடையில் வாங்கக்கூடிய சதுரங்க மென்பொருள்கள் பல, ஏறக்குறைய ஒரே பலத்தில் இருந்தன. ஒன்றைத்தான் அனுப்ப முடியும். எதை?

2001இல் ஸ்பெயினின் கடலோர ஊரான கடாக்கேஸில் தகுதிப் போட்டி நடந்தது. டீப் ஃபிரிட்ஸ், டீப் ஜூனியர் என்ற இரு மென்பொருள்கள் 24 ஆட்டங்கள் ஆடின. தொடக்கத்தில் ஜூனியர் வெகுதூரம் முன்னேறியது. ஃபிரிட்ஸ் விரட்டிப் பிடித்து 12-12 எனச் சமன் செய்து, கூடுதல் ஆட்டங்களில் வென்றது. ஆனால் 1999இல் பாடர்போர்னிலும் 2000இல் லண்டனிலும் கணினிச் சதுரங்க உலகப் பட்டம் வென்ற ஷ்ரெடர் மென்பொருள் அந்தக் களத்தில் இல்லை. ஆடிய இரண்டையுமே விற்றது ஹாம்பர்கின் செஸ்பேஸ் நிறுவனம். கணினிச் சதுரங்கச் சங்கத்தின் தலைவராக இருந்த டேவிட் லெவி வெளிப்படையாக ஆட்சேபித்தார். பத்தாண்டுகளுக்குள் எந்த இயந்திரமும் தன்னை வெல்லாது என்று 1968இல் பந்தயம் கட்டி, 1978இல் ஜெயித்தும் காட்டியவர் அவர். இயந்திரங்களுக்காக அவரே வாதாட வேண்டி வந்தது வேடிக்கைதான்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த 24 ஆட்டங்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டக்காரரின் பலத்தை எண்ணால் குறிக்கும் எலோ கணக்கில் 30 புள்ளி கூடுதல் பலம் உள்ள மென்பொருள் நூற்றுக்கு ஏறக்குறைய 54 புள்ளி எடுக்கும். 24 ஆட்டங்களில் அது 13-11. ஆனால் இத்தனை ஆட்டங்களில் தற்செயலால் மட்டுமே சுமார் இரண்டு புள்ளி இப்படியோ அப்படியோ நகரும். அதாவது, உண்மையிலேயே பலம் கூடியது எது என்று கண்டுபிடிக்க அந்தப் போட்டி போதாது. நூற்றுக்கணக்கில் ஆட வைத்தால் ஓரளவு தெரியும். அப்போதும், இயந்திரத்தை நன்றாக வெல்லும் மென்பொருள் மனிதனையும் நன்றாகச் சோதிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பலத்தை அளக்க முடியாதபோது, தேர்வு நடத்துபவர் நேர்மையாகத் தரக்கூடியவை இரண்டுதான்: யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற வாசல், முன்கூட்டியே அறிவித்த விதி. அளவுகோல் துல்லியமாக இருந்தால் வாசல் சற்றே குறுகலாக இருந்தாலும் மன்னிக்கலாம். இங்கே துல்லியமான அளவுகோலும் இல்லை, திறந்த வாசலும் இல்லை என்பதே என் குறை.

மனிதர் தரப்பு நியாயத்தை மட்டும் எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். டீப் புளூவின் ஆட்டங்கள் முன்கூட்டியே கிடைக்கவில்லை என்ற காஸ்பரோவின் புகார் நினைவில் இருந்ததால், கிராம்னிக்குக்கு ஃபிரிட்ஸின் பிரதி முன்னதாகவே தரப்பட்டது. 2001 செப்டம்பர் தாக்குதல்களால் தள்ளிப்போன போட்டி 2002 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்து 4-4 எனச் சமனில் முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சங்கதி நடந்தது. தகுதிப் போட்டியில் தோற்ற ஜூனியர், 2002 ஜூலையில் மாஸ்ட்ரிக்டில் ஷ்ரெடரோடு சமநிலையில் நின்று, கூடுதல் ஆட்டத்தில் வென்று உலகப் பட்டம் பெற்றது. பஹ்ரைன் மேடையில் ஃபிரிட்ஸ் அமர்ந்தபோது உலகப் பட்டம் ஜூனியரிடம் இருந்தது! அடுத்த ஆண்டு நியூயார்க்கில் காஸ்பரோவோடு ஆடி அது 3-3 எனச் சமன் செய்தது.

எதை ஒப்பிடுகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்ற இதே கேள்வி இங்கும் உண்டு: இன்றைய முதல் அமர்வில் படிக்கப்படும் கட்டுரைகள் மொழி மாதிரிகளுக்கான ஒப்பீட்டுத் தேர்வுகளைப் பற்றியவை. கட்டுரையாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு அமர்கிறேன். உங்கள் பட்டியலில் முதலிடம் யாருக்கு என்பதைச் சொல்லும் முன், தேர்வுக்கு வராதவை எவை, ஏன் வரவில்லை என்பதைச் சொல்லுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.