மாத்திரை ஒத்துக்கலையா? அட்டையை வீசாதீங்க!

(சூலூர் வட்டாரத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தறி வேலைக்குப் போகும் ஒரு அம்மா தன் வீட்டுக்காரரோடு என்னிடம் வந்தார். முன்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கருப்பாக ஒரு தடம். "ஏனுங்க சார், நல்லாத்தான் இருக்குது. திடீர்னு அதே இடத்துல செவந்து எரியுது, அப்புறம் கருத்துப் போகுது. அக்கின்னு சொல்லி ரெண்டு தடவை காவியில எழுதியாச்சுங்க" என்றார்.

அது வருவதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். இருவரும் யோசித்தார்கள். வீட்டுக்காரர்தான் சொன்னார்: "வயித்தால போச்சுன்னா மருந்துக் கடையில ஒரு மாத்திரை வாங்கியாந்து கொடுப்பனுங்க. ஒவ்வொரு தடவையும் அதுக்கப்புறந்தானுங்க வந்திருக்குது." பேர்? தெரியாது. அட்டை? குப்பையில் போட்டாயிற்று.

அது அக்கி அல்ல. சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் தடம் விழும். விடாமல் சாப்பிட்டால் தடங்கள் கூடும். டாக்டரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் 'இந்த மாத்திரை இவருக்கு ஆகாது' என்று சீட்டில் எழுதப் பேர் வேண்டுமே! ஆசையாக வாங்கிக் கொடுத்த மனுசன் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது.

நோயைத் தீர்க்கும் எந்த மருந்துக்கும் பக்க விளைவு உண்டு. அதில் பொறுத்துக்கொள்ளக் கூடியதும் உண்டு, பொறுக்கவே கூடாததும் உண்டு. குடும்ப நலத்துக்கு நாம் கொடுக்கும் மாலா-என் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், லேசான தலைவலி, நடுவில் கொஞ்சம் உதிரம் படுவது இதெல்லாம் சிலருக்கு வரும், தானே அடங்கும். ஆனால் ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை அவர் சாப்பிடுவதில்லை என்பதால் அவருக்குச் சம்பந்தமில்லை என்று ஆகாது. இன்னொன்று. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். அந்தச் சிகிச்சையில் இருக்கும் பெண்கள் நர்ஸம்மாவிடம் சொல்லி வேறு முறைக்கு மாற வேண்டும்.

சரி, உடம்புக்கு ஏதோ ஆனது, மருந்தால்தான் என்று எப்படி முடிவு கட்டுவது? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாமல்லவா? அதற்குத்தான் டாக்டர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். மருந்து சாப்பிட்டு எத்தனை நேரம் கழித்து வந்தது? நிறுத்தியதும் அடங்கியதா? முன்பு அதே மருந்தைச் சாப்பிட்டபோதும் வந்ததா? கூடவே வேறு மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது உண்டா? லேகியத்தை மறைக்காதீங்க, யாரும் திட்டமாட்டார்கள். அதற்காக, மறுபடி வருகிறதா என்று வீட்டில் நீங்களே சாப்பிட்டுப் பார்க்கவே கூடாது. அடுத்த தடவை உயிருக்கே ஆபத்தாகலாம்.

சில சமயம் கோளாறு நம் உடம்பில் இல்லை, மருந்திலேயே இருக்கும். 2025-இல் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் கம்பெனி தயாரித்த கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா வரைக்கும் போனது. சளிக்குக் குடித்த பச்சைக் குழந்தைகளுக்கு மூத்திரம் நின்றுபோனது, சிறுநீரகம் கெட்டது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்.-13 என்ற தொகுதி மருந்தைச் சோதித்தது. டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம்தான். பிரேக் ஆயிலில் சேர்க்கிற சரக்கு அது. நாக்குக்கு இனிக்கும், குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. இதே விஷத்தால் 1972-இல் சென்னையிலும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐம்பது வருசம் கழித்தும் பாடம் படிக்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அந்தத் தொகுதி எண் எங்கே அச்சடித்திருக்கும்? பாட்டில் லேபிளில்தான். பாட்டில் கையில் இருந்தால்தான் எந்தத் தொகுதி என்று சோதித்துச் சொல்ல முடியும், கடைகளில் இருக்கும் மிச்சத்தையும் நிறுத்த முடியும். ஆகவே மருந்து முடிந்தாலும், உடம்பு தேறும்வரை பாட்டிலோ அட்டையோ இருக்கட்டும். மாத்திரையைக் கிள்ளும்போது பேரும் எண்ணும் உள்ள பக்கத்தைக் கடைசியில் கிள்ளுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது. ஐந்து வயதுவரைகூட டாக்டர் பார்த்துச் சொன்னாலொழிய வேண்டாம்.

யாரிடம் சொல்வது? முதலில் நர்ஸம்மா, அல்லது ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். நீங்களே சொல்வதானால் 1800-180-3024 என்ற எண்ணுக்கு வேலை நாட்களில் கூப்பிடலாம், காசு இல்லை. மருந்துகளின் பக்க விளைவைக் கண்காணிக்க 2010-இல் இந்திய அரசு ஆரம்பித்த திட்டம் அது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. தமிழிலும் படிவம் இருக்கிறது. மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தாலே போதும். ஒரு ஊரில் ஒருத்தருக்கு வந்தால் தனிச் சங்கதி. பல ஊரிலிருந்து அதே மருந்துக்கு அதே தொந்தரவு என்று சீட்டு வந்து சேர்ந்தால்தான் பெரியவர்கள் விழித்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. முகம், உதடு வீங்கி மூச்சுத் திணறினால் படிவம், போன் எல்லாம் அப்புறம், முதலில் 108. சர்க்கரை, வலிப்பு, காசநோய் மாத்திரைகளைச் சின்னத் தொந்தரவுக்காகத் தானாக நிறுத்தாதீர்கள், கேட்டு நிறுத்துங்கள்.

வருகிற புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும்போது வீட்டில் இருக்கிற மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கிட்டு வாங்க. நானும் நர்ஸம்மாவும் உட்கார்ந்து பார்த்து, கெடு தேதி முடிந்ததைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கிறோம். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரை அட்டையில் எழுதித் தருகிறோம். அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்க.