உப்பும் கோட்டையும் தொண்டைமானாறும்



போலந்து நாட்டில் வியலிச்கா என்றொரு ஊர். 13ஆம் நூற்றாண்டு தொட்டு அங்கே நிலத்தைக் குடைந்து உப்பு வெட்டினார்கள். சுரங்கத்துக்கு அருகிலேயே ஒரு கோட்டை. அரசனுடைய உப்பு அதிகாரிகள் அங்கிருந்துதான் நிர்வாகம் செய்தார்கள். 1368இல் மூன்றாம் காசிமிர் மன்னன் உப்புக்கென்றே சட்டம் இயற்றினான். அந்தக் கோட்டை இன்று அருங்காட்சியகம். 2013இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

எங்கள் உப்புக் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வல்வெட்டித்துறையில் சைக்கிளில் ஏறினால் தொண்டைமானாறு வந்துவிடும்.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை சொல்வதைக் கேளுங்கள். கரணவாய்ப் பக்கம் தானாக விளைந்த உப்பை ஏற்றிப்போகத் தொண்டைமான் என்பவன் கடல் கடந்து வந்தான். மரக்கலங்கள் உள்ளே வர மன்னனிடம் அனுமதி பெற்று ஆற்றை வெட்டுவித்தான். கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான்தான் அவன் என்பாரும் உண்டு. காலக்கணக்கை அறிஞர்கள் தீர்க்கட்டும். கடல் கடந்து வந்து ஆறு வெட்டும் அளவுக்கு இந்த மண்ணின் உப்புக்கு விலை இருந்தது என்ற நினைவு எங்கள் முன்னோரிடம் இருந்ததே, எனக்கு அதுதான் பெரிது.

இங்கே மாரி வெள்ளம் களப்பில் நிற்கும். சோளகம் அடித்து வெயில் ஏற நீர் வற்றும். சேற்றின் மேல் வெள்ளைப் பொருக்குக் கட்டும். மிதித்தால் நொறுங்கும், வெறுங்காலை அறுக்கும். சுரங்கமும் வேண்டாம், உளியும் வேண்டாம். கடகமும் கையும் போதும். ஆனால் அள்ள விட்டார்களா? ஆங்கிலேயர் உப்பை அரசின் தனியுரிமையாக வைத்திருந்தார்கள். வாசலில் விளைந்ததை அனுமதியில்லாமல் எடுத்தவன் குற்றவாளியானான்!

ஆனையிறவைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலைக் காக்க ஒல்லாந்தர் கோட்டை நின்ற இடம் அது. 1930களின் பிற்பகுதியில் அங்கே உப்பளம் வந்தது. 1990இல் போர் அதை நிறுத்தியது. 2025 மார்ச்சில் புதிய உப்பு ஆலை திறந்தபோது அதன் உப்புக்கு 'ரஜ லுணு' என்று சிங்களத்தில் பெயரிட்டார்கள். ஆனையிறவு உப்பென்றே அழைக்க வேண்டும் என்று எங்கள் மக்கள் குரல் கொடுத்தார்கள். முழு நியாயமான குரல். ஊரின் பெயரும் ஊரின் சொத்துத்தான்.

வியலிச்காவில் கணக்கேடுகளைக்கூடக் காத்து வைத்தார்கள். எங்கள் பெட்டகங்கள் எத்தனை எரிந்துபோயின! ஆகவே இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பழைய அனுமதிச் சீட்டோ கப்பல் கணக்குக் கொப்பியோ இருந்தால் படம் பிடித்து நூலகத்தில் கொடுங்கள். கரணவாயிலும் தொண்டைமானாற்றிலும் உப்பு விளைந்த காலத்தை அறிந்த முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் சொல்வதை எழுதி எடுங்கள். அடுத்த கிழமை வரை பொறுக்க வேண்டாம், நாளைக்கே போங்கள்.