கப்பி மீனில் நிறம் கெடாமல் காப்பது எப்படி?

(உழவர் பயிற்சி நாளில் ஆற்றிய உரை)



நெல், கரும்பு என்று பேசும் இடத்தில் இன்று வண்ண மீனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கிணற்று நீரும், கொல்லையில் நான்கைந்து சிமெண்டுத் தொட்டி வைக்க இடமும் இருந்தால் போதும். சிறு விவசாயிக்கு வண்ண மீன் வளர்ப்பு ஏற்ற துணைத் தொழில். சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் இதையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. புதிதாகத் தொடங்குவோருக்குக் கப்பி மீன் எளியது. இது முட்டையிடுவதில்லை, குஞ்சாகவே ஈனும். ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒரு முறை ஈனும். சற்றுக் கடினத்தன்மை உள்ள கிணற்று நீரும் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

ஆனால் எளிதாகப் பெருகும் மீன் எளிதாகக் கலந்தும் போகும். நல்ல விலை கொடுத்துத் தாய் மீன் வாங்குகிறோம். முதல் ஈற்றுக் குஞ்சுகள் நன்றாக விலை போகின்றன. ஓராண்டு கழித்து அதே தொட்டி மீனைப் பார்த்த வியாபாரி, "இது கலப்பு மீன்" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். நாம் தீவனத்தைக் குறை சொல்கிறோம், தண்ணீரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை அவற்றில் இல்லை, விதையில் இருக்கிறது. விதை நெல்லில் கலவன் பிடுங்கத் தெரிந்த உங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று.

நிறம் எங்கிருந்து வருகிறது?

கப்பியின் தாயகம் டிரினிடாட் தீவும் வெனிசுவேலா முதலிய தென்னமெரிக்க வடபகுதிகளும் ஆகும். அங்கும் ஆண் மீனுக்கே புள்ளியும் வண்ணமும் உண்டு. பெண் மீன் சாம்பல் நிறம். 1920-இல் ஷ்மிட் என்ற டென்மார்க் அறிஞர் ஒன்றைக் கண்டார். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி உள்ள ஆண் மீனின் ஆண் குஞ்சுகளுக்கெல்லாம் அதே புள்ளி வந்தது. பெண் குஞ்சு எதற்கும் வரவில்லை. 1922-இல் விங்கே என்ற மற்றொரு டென்மார்க் அறிஞர் இதற்குக் காரணம் கூறினார்.

கப்பியின் உடலில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. குணங்களைத் தலைமுறைக்குத் தலைமுறை கடத்துபவை இவையே. இவற்றில் ஓர் இணை பாலை முடிவு செய்வது. பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றொன்று ஒய். ஒய் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. பல நிறப் பண்புகள் இந்த ஒய்யிலேயே அமர்ந்திருக்கின்றன. பாம்புத்தோல் ரகத்தின் வரிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பாம்புத்தோல் ஆணை ஏதோ ஒரு பெண்ணோடு சேர்த்தாலும், ஆண் குஞ்சுகள் அனைத்துக்கும் வரி வந்துவிடும். "ரகம் தூய்மையாக இருக்கிறது" என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வாலின் அகலமும் உடலின் அடிநிறமும் குறைந்திருக்கும். ஏனெனில் மகனுக்குக் கிடைக்கும் எக்ஸ் தாயினுடையது. மற்ற 22 இணைகளிலும் பாதி தாயினுடையது. தாய் தன் நிறப் பண்பைத் தன் உடலில் பெரும்பாலும் காட்டுவதில்லை. மறைத்து வைத்து மகனிடம் கொடுக்கிறாள். ஆகவே ஆணின் அழகை மட்டும் பார்த்துப் பெண்ணைக் கண்டபடி எடுத்தால் ரகம் கெடும்.

பெண்ணிடம் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு வழி உண்டு. இணை சேராத பெண்ணை, வண்ணம் குறைந்த சாதாரண ஆணோடு சேர்த்துப் பாருங்கள். பிறக்கும் ஆண் குஞ்சுகளில் தந்தையிடம் இல்லாத நிறம் தெரிந்தால் அது தாய் கொடுத்தது. அந்தக் குஞ்சுகள் சோதனைக்கு மட்டுமே, இனப்பெருக்கத்திற்கு ஆகா.

மறைந்து வரும் நிறம்

வேறு சில நிறங்கள் ஆண், பெண் இரண்டிலும் தெரியும். ஆனால் ஒரு தலைமுறை மறைந்து வரும். சிவந்த கண்ணுள்ள அல்பினோ மீன் இதற்கு எடுத்துக்காட்டு. இதைத் தூய சாம்பல் மீனோடு சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் சாம்பலாகவே பிறக்கும். "வீணாயிற்று" என்று விற்றுவிட வேண்டாம். அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு அல்பினோவாக வரும். 40 குஞ்சு பிறந்தால் ஏறத்தாழ 10 எதிர்பார்க்கலாம். அதே குஞ்சை அல்பினோப் பெற்றோரோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி வரும்.

ஒரு முறை கலந்தால்

கப்பிப் பெண் மீன் ஒரு முறை இணை சேர்ந்தால் ஆணின் விந்தணுவைப் பல மாதம் உடலில் சேமித்து வைக்கும். பின்னர் ஆணே இல்லாவிட்டாலும் அடுத்தடுத்து ஈனும். ஆகவே பல ரகமும் கலந்த கடைத் தொட்டியிலிருந்து வாங்கிய பெண்ணோடு நம் நல்ல ஆணை விட்டுப் பயனில்லை. பிறப்பவை எந்த ஆணின் குஞ்சுகள் என்று உறுதி சொல்ல முடியாது. இணை சேராத இளம் பெண்ணே நமது விதை.

இதைப் பெறச் செய்ய வேண்டியவை:

1. குஞ்சுகள் மூன்று வாரமானதும் பிரிக்கத் தொடங்குங்கள். ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்பு குச்சிபோல் நீளும். பெண்ணுக்கு அது விசிறிபோல் விரிந்தே இருக்கும். அதன் அருகே வயிற்றில் கரிய நிழல் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பாருங்கள். ஐயமுள்ள குஞ்சை ஆண் தொட்டியிலேயே விடுங்கள். பெண் தொட்டியில் ஓர் ஆண் நுழைந்தாலும் அந்தத் தொட்டி முழுதும் விதைக்கு ஆகாது.

2. மூன்று முதல் நான்கு மாத வயதில், வால் முழுதும் விரிந்த பிறகு ஆணைத் தேர்ந்தெடுங்கள். முதலில் முதிர்ந்து வாலைக் குட்டையாக வைத்துக்கொள்ளும் ஆணைக் கழியுங்கள். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் போதும்.

3. பெண்ணை எடுக்கும்போது அதன் உடன்பிறந்த ஆண்களைப் பாருங்கள். சகோதரர்கள் சிறந்தவையாக இருந்தால் அந்தப் பெண்ணும் சிறந்தவள் என்று நம்பலாம்.

4. ஒரே ரகத்தை இரண்டு குடும்பமாக, தனித்தனித் தொட்டிகளில் வளருங்கள். சில தலைமுறைக்கு ஒரு முறை ஒன்றின் ஆணை மற்றொன்றின் பெண்ணோடு சேருங்கள். இல்லையேல் நெருங்கிய உறவிலேயே பெருகி மீன் சிறுத்து, குஞ்சும் குறையும்.

5. தொட்டிக்கு ஒரு கைவலை வையுங்கள். வலை மடிப்பில் ஒட்டிய ஒரு குஞ்சு அடுத்த தொட்டிக்குப் போனால் ஓராண்டு உழைப்பு போகும். களத்தில் ரகம் கலப்பதும் இப்படித்தானே? தொட்டியின் மேல் வலை மூடியும் தேவை.

6. ஒவ்வொரு தொட்டிக்கும் எண் இட்டு, தாய், தந்தை, ஈன்ற நாள் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள்.

தாய் மீன் தன் குஞ்சையே தின்னும். ஆகவே பாசி நிறைய இடுங்கள். ஈன்றதும் தாயை அகற்றுங்கள். குஞ்சுக்கு மொய்னா, ஆர்ட்டீமியா போன்ற உயிர்த் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்தால் வளர்ச்சி நன்றாக இருக்கும். குளோரின் கலந்த குழாய் நீரை அப்படியே விடாதீர்கள்.

கழித்த மீனை என்ன செய்வது?

தேர்ந்தெடுத்தால் கழிவும் வரும். அவற்றைக் கலப்பு மீன் என்று உண்மை சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றுவிடுங்கள். விதை மீனாக யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்களிடம் வாங்கியவர் ஓராண்டு கழித்து ஏமாந்தால், அடுத்த முறை உங்கள் நல்ல மீனையும் நம்பமாட்டார். வாய்க்காலிலோ ஏரியிலோ விடவும் வேண்டாம். கொசுப்புழுவை ஒழிக்கவென்று பல நாடுகளில் விடப்பட்ட இம்மீன் அங்கெல்லாம் வேரூன்றிவிட்டது. ஒரு பெண் மீன் போதும், ஒரு குட்டை நிறைந்துவிடும். நம் நீர்நிலையில் உள்ள சிறு மீன்களுக்கு அது போட்டியாகும்.

முடிவாக ஒன்று சொல்வேன். வாடிக்கையாளர் ஆண் மீனின் வாலைப் பார்த்து விலை கொடுக்கிறார். அந்த வால் அடுத்த ஆண்டும் உங்கள் தொட்டியில் இருக்குமா என்பதைப் பாதிக்குப் பாதி முடிவு செய்வது, நிறமில்லாமல் ஓரத்தில் நீந்தும் பெண் மீன். அவளை மூன்றாம் வாரத்திலேயே பிரித்து வைத்தவருக்கே ரகம் நிலைக்கும்.