மலைக்குளிரில் ஒரு தேநீர்ப் பொழுது



நீலகிரியில் தை மாதத்துப் பகலுக்கு ஆயுள் குறைவு. இரவெல்லாம் மேகமற்ற வானத்தின் கீழே பூமி தன் உஷ்ணத்தை இழக்க, பள்ளத்தாக்குகளின் புல்தரையில் வெள்ளை வெளேரென்று படிந்த உறைபனி காலை வெயிலில் மெல்லக் கரைந்து, நடுப்பகலில் ஓர் இதமான சூடு பிறந்து, அது உடம்பில் ஏறுமுன்பே சூரியன் மேற்கு முகட்டை நெருங்கிவிட, நான்கு மணிக்கெல்லாம் நிழல்கள் மறுபடியும் சில்லிட்டுப் போகின்றன. அந்த நேரத்தில் ஒரு சிநேகிதரை வீட்டுக்கு வரவழைத்து எளிய முறையில் தேநீர் அளிப்பதை ஒரு கலையென்றே நான் மதிக்கிறேன்.

ஒரு சிநேகிதர் என்றுதான் சொன்னேன். பலர் கூடினால் உபசரிப்பவரின் கவனம் சிதறி, யாருக்குச் சர்க்கரை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற விசாரணையிலேயே பொழுது போய்விடும். வந்தவர் ஒருவரேயானால், அவருடைய முகத்தைப் பார்த்தே அவருக்கு வேண்டியதை அறிந்துகொள்ள முடியும்.

இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டையொட்டி பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா என்பவர், மதிய போஜனத்துக்கும் இரவு போஜனத்துக்கும் இடையே கிடந்த நீண்ட நேரத்தைப் பொறுக்கமாட்டாமல் தம் அறைக்கே தேநீரும் ரொட்டியும் வரவழைத்து, பின்னர் தோழியரையும் உடன் அழைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அந்த வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார்களோடு இந்த மலைக்கும் ஏறி வந்தது. வந்தபோது தட்டேந்தி நிற்கும் பணியாளையும் உடன் அழைத்து வந்தது. நம் இல்லங்களிலோ அந்தப் பணி வீட்டுப் பெண்மணியின் தலையில் விழுந்தது. சிநேகிதர்கள் இருவரும் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்து சம்பாஷித்துக்கொண்டிருக்க, கண்ணுக்குத் தெரியாத சமையலறையிலிருந்து தேநீர் வருகிறது. காலிக் கோப்பை திரும்பிப் போகிறது. இதை உபசாரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அழைத்தவர் யாரோ அவரே தம் கையால், வந்தவரின் கண்ணெதிரே தேநீர் தயாரிக்க வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் ஜப்பானியர் நமக்கு ஆசான்கள். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்னும் தேநீர்ப் பெரியார் செம்மைப்படுத்திய முறையில், வீட்டுக்குரியவரே கரியை அடுக்கி, வெந்நீர் வைத்து, தேநீரைக் கலக்கி, விருந்தினருக்கு முன்னே வைக்கிறார். கோடையில் கரியடுப்பை விருந்தினரிடமிருந்து விலக்கி வைக்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் தரையிலேயே பதித்த கணப்பைத் திறந்து, நெருப்பை விருந்தினருக்கு அருகில் கொண்டுவருகிறார்கள். வந்தவருக்குக் குளிருமே என்ற நினைவு அந்த வீட்டின் தரையிலேயே இடம்பெற்றுவிட்டது! அவர்களுடைய விரிவான சடங்குகள் நமக்கு வேண்டியதில்லை. அந்த நினைவு ஒன்று போதும். அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மலைவீடுகளில் வழக்கமான கரிக்கணப்பை மூட்டினால், விஷவாயு தங்காதபடி ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பது மிகவும் அவசியம். குளிருக்கு அஞ்சி எல்லாக் கதவுகளையும் அடைத்துக்கொள்வது பேராபத்து.

கோப்பைகள், இலை, பால், பலகாரம் யாவும் முன்னதாகவே ஆயத்தமாக இருக்கட்டும். தண்ணீரை மட்டும் சிநேகிதர் வந்து அமர்ந்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். அது கொதிக்கும் வரையிலான அந்த இடைவேளை வீணான நேரமன்று. வந்தவர் மேடேறி வந்த மூச்சு ஆறி, கணப்பில் குளிர்காய்ந்துகொண்டு, தம் வீட்டுக் கவலையைச் சொல்வதா வேண்டாமா என்று தமக்குள்ளே தீர்மானித்துக்கொள்ளும் நேரம் அது. கெட்டில் முனகத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் மெய்யான பேச்சும் தொடங்குகிறது.

மலையில் தண்ணீர் கொதிப்பதிலும் ஒரு விசேஷம் உண்டு. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறக்குறைய முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். குன்னூரில் அதைவிடச் சற்றே கூடுதல். ஆகையால் இங்கே இலை ஊறுவதற்கு ஐந்து நிமிஷமாவது வேண்டும். குடுவையை முதலில் வெந்நீர் விட்டுக் கழுவிச் சூடேற்றாவிட்டால், சில்லிட்ட பீங்கான் மேலும் சில டிகிரிகளை விழுங்கிவிடும். பாலையும் தனியே காய்ச்சிச் சூடாகவே வைத்திருப்பது நல்லது.

இலை விஷயத்துக்கு வருகிறேன். 1830-களில் கேத்தியில் பரீட்சார்த்தமாகப் பயிரிடப்பட்ட தேயிலை, இன்று இந்த மலைச்சரிவுகளின் வாழ்வாகவே ஆகிவிட்டது. பனிக்காலம் தோட்டக்காரர்களுக்குக் கவலை தரும் காலம். இளஞ்செடிகள் கருகிப்போகாதிருக்க மிலார்த் தழைகளால் அவற்றை மூடி வைக்கிறார்கள். ஆனால் உறைபனிக்குத் தப்பிய செடியில், குளிரால் வளர்ச்சி மந்தமாகி, கொழுந்து மெல்ல மெல்லத் துளிர்ப்பதனால், அதன் வாசனை செறிந்து நிற்கிறது. விளைச்சல் குறைந்த இந்த மாதங்களில்தான் மணம் மிகுந்த இலை கிடைக்கிறது. இயந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்கிய தேயிலை பாலோடு கொதித்துக் கடைத்தெருவில் தரும் தெம்பை நான் குறைவாகப் பேசமாட்டேன்; விடியற்காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு அதுவே உயிர். ஆயினும் சிநேகிதருடன் ஒரு மணி நேரம் அமர்ந்து அருந்துவதற்கு, சுருட்டி உலர்த்திய முழு இலையே ஏற்றது. முதல் கோப்பையைப் பாலில்லாமல் முகர்ந்து பார்த்து, பிறகு விருப்பம்போல் பாலூற்றிக்கொள்ளலாம்.

பலகாரம் ஒன்றே போதும். விறகடுப்பில் வெந்து மொறுமொறுப்பான வறுக்கி இந்த ஊரிலேயே கிடைக்கும்போது வேறெதைத் தேடுவது? இனிப்பும் காரமுமாக நாலைந்து தட்டுகளைப் பரப்பினால், சாப்பிடாவிட்டால் அழைத்தவர் வருந்துவாரே என்ற சங்கடம் வந்தவருக்கு உண்டாகிவிடும்.

ஐந்தரை மணிக்குமேல் மலைப்பாதை இருட்டத் தொடங்கும். பேச்சு எவ்வளவு சுவாரஸ்யமாக இருந்தாலும், அதற்குமுன் சிநேகிதரைக் கம்பளியோடு புறப்படச் செய்து, பஸ் நிற்கும் இடம்வரை உடன் நடப்பதும் உபசாரத்தில் சேர்ந்ததே. அவர் கோயம்புத்தூர் போன்ற கீழ்ப்பகுதியிலிருந்து வந்தவரானால், அந்த இலையிலேயே ஒரு சிறு பொட்டலம் கட்டிக் கொடுத்து, அதன்மேல் அளவையும் எழுதிவிடுங்கள்: கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, கொதித்து இறக்கிய உடனே நீர், அங்கே தண்ணீர் இதைவிடச் சூடாகக் கொதிப்பதால் நான்கு நிமிஷமே போதும், ஐந்துக்கு விட்டால் துவர்த்துவிடும்.