விண்முகிலின் காந்தமும் சந்திரசேகரும்



கும்பகோணம் வளர்த்த கணிதமேதை இராமானுசனின் திருமுகம் உலகறிய விளங்கியதில் வானியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்குப் பங்குண்டு. 1936இல் தாயகம் வந்த அவர், ஜானகி அம்மையாரிடம் இருந்த கடவுச்சீட்டுப் படத்தைத் தேடிப் பெற்றுப் பேராசிரியர் ஹார்டிக்கு அளித்தார். மறைந்திருப்பதைத் தேடும் அந்த உள்ளம் 1953இல் விண்முகிலின்பால் திரும்பியது.

விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளி வெறுமையன்று. மெல்லிய வாயுவும் தூசும் அங்கு முகில்களாய்ப் பரந்து கிடக்கின்றன. அவற்றினூடே காந்தப்புலம் ஓடுகிறது. அதன் வலிமையோ நிலவுலகக் காந்தத்தில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணியதை அளப்பது எங்ஙனம்?

1949இல் ஹில்ட்னர், ஹால் என்னும் அமெரிக்க அறிஞர்கள் ஒரு தடயம் கண்டனர். தூசினூடே வரும் விண்மீன் ஒளி தளவிளைவு உற்று, ஒரு திசையை ஒட்டியே மிகுதியும் அதிர்கிறது. நீண்ட தூசுத் துகள்களைக் காந்தம் ஒழுங்குபட நிறுத்துவதே இதன் காரணம். அத்திசைகளில் சிறு கோணல்களும் தென்பட்டன. அக்கோணல்களைக் கொண்டு காந்தத்தை மதிப்பிட 1951இல் லெவரெட் டேவிஸ் முற்பட்டார். 1953இல் சிகாகோவில் சந்திரசேகரும் என்ரிகோ பெர்மியும் அவ்வழியை வகுத்துரைத்தனர்.

வாயுவின் கொந்தளிப்பு காந்தக் கோடுகளை அசைக்கிறது. காந்தம் வலுத்திருப்பின், முறுக்கேறிய வீணைத் தந்திபோல் அக்கோடு எளிதில் வளையாது. வாயுவின் அடர்த்தி, கொந்தளிப்பின் வேகம், கோணலின் அளவு ஆகிய மூன்றும் தெரிந்தால் காந்தத்தின் வலிமை கணக்கில் அகப்படும். அவர்கள் கண்ட விடை ஒரு காஸில் பத்து இலட்சத்தில் 7 பங்கு.

இதனால் அறிவது யாது? முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி விண்மீனாகிறது. தடையின்றிச் சுருங்கியிருப்பின், நம் பால்வெளியின் முகில்கள் என்றோ தீர்ந்திருக்கும். ஆயினும் ஆண்டுக்கு ஓரிரு ஞாயிறுகளின் அளவுப் பொருளே விண்மீனாகிறது. தடுப்பது காந்தமா, கொந்தளிப்பா, புதிய விண்மீன்களின் வெம்மையா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

2001இல் ஆஸ்திரைக்கரும் தோழர்களும் கணிப்பொறியில் முகிலைப் படைத்துச் சோதித்தனர். கோணல் மிகாத இடத்தில் பழைய சூத்திரத்தின் விடையைப் பாதியாக்கிக் கொண்டால் பொருந்தும் எனக் கண்டனர். அத்திருத்தத்தோடு அவ்வழி இன்றும் பயில்கிறது.

1975இல் ஷேக்ஸ்பியரையும் நியூட்டனையும் பீத்தோவனையும் ஒருங்கு வைத்துச் சொற்பொழிவாற்றியவர் சந்திரசேகர். அவருக்குக் கவிதை அயலன்று. விண்மீனைப் பாடிய தமிழ்க் கவிஞர்க்கு, விண்மீனாகத் தயங்கும் முகிலும் பாடுபொருளாகுக. பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தில் அப்பாடல் பிறப்பதாகுக.