கஜகஸ்தான் கைவிட்ட அணுகுண்டுகள்



ஒரு நாடு அணு ஆயுதத்தை வைத்திருக்க வேண்டுமா, கைவிட வேண்டுமா? இது அரசியல்வாதிகள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயம் அன்று. இறையச்சமுள்ள ஒவ்வொருவரும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கஜகஸ்தானைப் பாருங்கள். அங்குள்ள செமிபலாடின்ஸ்க் புல்வெளியில் 1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1989 வரை 450-க்கும் அதிகமான சோதனைகள்! சுற்றுவட்டாரக் கிராமங்களில் கதிர்வீச்சு படிந்தது. மக்கள் நோயுற்றனர். 1989-இல் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமானோவ் தலைமையில் மக்கள் திரண்டு எதிர்த்தனர். 1991-இல் அதே ஆகஸ்ட் 29 அன்று சோதனைத் தளம் மூடப்பட்டது. சோவியத் சிதறியபோது அம்மண்ணில் எஞ்சிய 1,400-க்கும் அதிகமான அணுகுண்டுகள், 1995-க்குள் முழுவதும் ரஷ்யாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

"உக்ரைனும் இப்படித்தானே ஒப்படைத்தது? அதன் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவை 1994-இல் புடாபெஸ்ட் நகரில் வாக்களித்தன. 2014-இலும் 2022-இலும் ரஷ்யா அந்த வாக்கை மீறியதே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாக்கு மீறுவது நயவஞ்சகனின் அடையாளம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எளிய நாடுகளின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது.

எனினும் அஞ்சும் நாடுகளெல்லாம் குண்டு செய்தால் அச்சம் குறையுமா, பெருகுமா? சிரியாவுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லக் கூடாது, கனி தரும் மரங்களை வெட்டக் கூடாது எனக் கட்டளையிட்டார்கள். 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டோ சிப்பாயையும் தொட்டில் குழந்தையையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்க அதனால் இயலாது.

1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, 'இஸ்லாமிய அணுகுண்டு' என்று பெருமை பேசியோர் உண்டு. கலிமா சொன்ன குண்டு எங்கேனும் உண்டா?

ஒருவர் மட்டும் கைவிடுவது கடினம். சேர்ந்து கைவிடுவது இயலும். 2006-இல் ஐந்து மத்திய ஆசிய நாடுகள் அதே செமிபலாடின்ஸ்கில் கூடி, தம் பகுதியில் அணு ஆயுதமே இராது என ஒப்பந்தம் செய்தன. வேதனையை அனுபவித்த மண்ணிலேயே அந்தக் கையொப்பம் இடப்பட்டது.

ஆகவே, பெற்றோர்களே! குண்டைக் காட்டிப் பெருமை பேசும் பேச்சை உங்கள் பிள்ளைகளின் செவியில் ஏற்றாதீர்கள். உயிரின் மதிப்பைச் சொல்லிக் கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் இவ்வுலகை அப்பேரழிவிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.