பல் வலிக்கும் முன்னே பல்லைப் பார்ப்போம்

(திருக்கோணேஸ்வரம் தரிசித்துவிட்டு, புல்மோட்டைக் கடற்கரையைப் பார்க்க வந்த தோட்டக் குடும்பங்களிடையே நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)



காலையிலிருந்து பிள்ளைகள் இந்தக் கரையின் கறுப்பு மணலை அள்ளி அள்ளிப் பார்க்கிறார்கள். இதில் இல்மனைட் என்ற கனிமம் இருக்கிறது. இல்மனைட்டிலிருந்து டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளைப் பொடியை எடுக்கிறார்கள். பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தருவது அதுதான். பல பற்பசைகளுக்கும் அதுவே நிறம் கொடுக்கிறது. கறுப்பு மணலிலிருந்து வெள்ளைப் பற்பசை! ஆனால் அந்த வெள்ளை நிறம் பல்லைக் காப்பதில்லை. காப்பது பற்பசையில் உள்ள புளோரைட்டும், நாம் தினமும் தேய்க்கும் தேய்ப்பும்தான்.

இதற்குச் சாட்சி வேறெங்கும் இல்லை, நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 இல் நம் மலைநாட்டுக்கு வந்தார்கள். டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தார்கள். பிரஷ், பற்பசை, பல் வைத்தியர் என்று எதுவும் எட்டாத வாழ்க்கை அவர்களுடையது. 1985 வரை அவர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

தெரிந்தது என்ன? அவர்களுக்குச் சூத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆனாலும் பல் விழுந்தது! காரணம் முரசு, அதாவது ஈறு. நூற்றுக்கு 8 பேருக்கு முரசு நோய் மிக வேகமாகப் பரவியது. 81 பேருக்கு மெல்ல மெல்லப் பரவியது. 11 பேருக்கு மட்டும்தான் முரசு வீக்கத்தோடு நின்றது. ஒஸ்லோ நகரத்தில் ஒழுங்காகப் பல் துலக்கி, வைத்தியரிடமும் போய்வந்த ஆண்களுக்கு 40 வயதிலும் முரசு சிறிதளவே இறங்கியிருந்தது.

பல்லில் படியும் அழுக்கைத் துலக்காமல் விட்டால் அது கல்லுப் போல இறுகிவிடும். முரசு வீங்கும், இரத்தம் கசியும். உள்ளே பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். இவ்வளவு நடந்தும் பெரிதாக வலி இருக்காது. மரத்தின் வேரடி மண் கரைந்து போவது போலத்தான், சாயும்போதுதான் தெரியும். "பல்லு ஆடுது, வயசாச்சு, தானா விழட்டும்" என்கிறோம். அது வயசு இல்லை, வியாதி.

நல்ல செய்தியும் உண்டு. அதே லோ, 1965 இல் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் வீக்கம் வற்றியது. ஆகவே துலக்கும்போது இரத்தம் வந்தால் பிரஷை ஒதுக்கி வைக்காதீர்கள். இன்னும் கவனமாகத் துலக்குங்கள். எலும்பு கரைந்த பிறகு அது பழையபடி வளராது.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலையிலும் இரவு படுக்கும் முன்னும் புளோரைட் பற்பசையால், மெல்லிய பிரஷால், பல்லும் முரசும் சேரும் இடத்தில் இரண்டு நிமிடம் துலக்குங்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணி அளவு பற்பசை போதும். கரி, செங்கல் தூள், மணல் வேண்டாம். அவை பல்லைத் தேய்த்துவிடும். பிள்ளை தூங்குவதற்கென்று போத்தலில் சீனித் தேத்தண்ணி கொடுக்காதீர்கள். பால் பல்லும் பல்தான்.

இன்னொன்று வெற்றிலை. மலையில் குளிருக்கும் பசிக்கும் அது துணை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, இரண்டு வாரமாக ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பேர் போயிடுமே" என்பீர்கள். உண்மைதான், வைத்தியம் இலவசமானாலும் பேர் இலவசம் இல்லை. ஆனால் வலிக்கும் முன் போனால் ஒரு பேரோடு முடியும். வலி வந்த பிறகு எத்தனை பேர் போகும், எத்தனை இரவு தூக்கம் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். லயத்தில் நாலைந்து பேராகச் சேர்ந்து முன்கூட்டியே நாளைச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்தோடு பேசி ஒழுங்கு செய்து தருவது எங்கள் வேலை.

இன்றிரவு வீடு போய்ச் சேர நேரமாகும். களைப்பாகவும் இருக்கும். ஆனாலும் துலக்கிவிட்டே படுங்கள்.